பழைய டிரைசூட்டில் (நீர் புகாத முங்கல் உடை) மணிக்கட்டு சீல் (நீர் புகாமல் இறுக்கிப் பிடிக்கும் விளிம்பு) கசிகிறது, நாமே மாற்றலாமா?

தாராளமாக மாற்றலாம். முதலில் கசிவு சீலில்தானா என்று பாருங்கள். பழைய சூட்டில் ஜிப்பும் வால்வும்கூடக் கசியும். மணிக்கட்டுகளில் பாட்டில், கழுத்தில் பந்து செருகி அடைத்து, காற்றேற்றி, சோப்பு நீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

லேடெக்ஸ் பிசுபிசுத்தாலோ நுண்வெடிப்பு தெரிந்தாலோ ஒட்டுப்போட்டுப் பயனில்லை. வெயிலும் ஓசோனும் அரித்த ரப்பர் அடுத்த இடத்தில் கிழியும்.

சூட்டின் கைக்குள் பாட்டிலை நுழைத்து, துணி சுருக்கமில்லாமல் விறைப்பாக நிற்கச் செய்யுங்கள். பாதி வேலை இதுதான்; சுருக்கம் இருக்கும் இடத்தில் பிறகு நீர் புகும். பழைய சீலை வெட்டியெடுத்து, ஒட்டும் பரப்பை லேசாகத் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள். அக்வாசீல் போன்ற பசையை மெல்லியதாகப் பூசி, புதிய சீலைப் பொருத்தி, டேப் சுற்றி, ஓர் இரவாவது அசைக்காமல் வையுங்கள். குளிர்ந்த அறையில் இன்னும் நேரமாகும். சிலிக்கோன் சீல் இந்தப் பசையில் ஒட்டாது. அதற்கு வளைய அமைப்பு, அதாவது சீலைப் பொருத்திப் பிடிக்கும் கெட்டியான வளையம், வேண்டும்.

அப்புறம், கழுத்து சீலையும் மாற்றினால் அளவில் கவனம் தேவை. மிக இறுகினால், மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனி அழுந்தி மயக்கமே வரலாம். சீலின் விளிம்பைக் கொஞ்சங்கொஞ்சமாக, ஒவ்வொரு வளையமாக வெட்டி, போட்டுப் பாருங்கள். முதல் முங்கலை ஆழமில்லாத நீரில் வைத்துக்கொள்ளுங்கள்.