ஐந்து விரலும் விரிய

அன்புள்ள ஐயா,

அஞ்சல் துறையில் 37 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஊர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டதால், எட்டு மாதமாக வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பீரியடில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசுகிறேன். நேர்மை, காலந்தவறாமை, வாசிப்பு, என் அனுபவங்கள். முக்கால் மணி நேரமும் சத்தமில்லாமல் உட்கார்ந்து கேட்கிறார்கள். வீடு திரும்பும்போது பத்து வயது குறைந்த மாதிரி இருக்கிறது. ஆனால் ஓர் உறுத்தல். அவர்களுக்கு ஏதாவது கிடைக்கிறதா, இல்லை என் சந்தோஷத்துக்காகத்தான் போகிறேனா? செல்போனோடு வளரும் பிள்ளைகளுக்கு நம் பேச்சு ஏறுமா? அவர்களுக்கு என்னென்ன புத்தகங்களைச் சொல்லலாம்?

கே. எஸ்., விருத்தாசலம்

அன்புள்ள கே. எஸ்.,

செல்போனை விடுங்கள். அதைப் பற்றிப் புலம்பாத பெரியவர் ஒருவராவது அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும். புத்தகப் பட்டியலும் வேண்டாம். பள்ளி நூலக அலமாரியின் பூட்டைத் திறக்கச் சொல்லுங்கள், மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

சந்தோஷத்துக்காகப் போவதில் என்ன தப்பு? 37 வருஷம் கவுன்டருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். ஒருநாள் காலையில் எழுந்தால் யாரும் இல்லை. அந்த வெறுமை எனக்குத் தெரியும். நாற்பது பிள்ளைகள் வணக்கம் சொன்னால் மனசு நிறையத்தான் செய்யும். நிறையட்டும்.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். ‘சத்தமில்லாமல் உட்கார்ந்து கேட்கிறார்கள்’ என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எட்டு மாதம் போயிருக்கிறீர்கள், உங்கள் கடிதத்தில் ஒரு பிள்ளைகூட இல்லையே ஐயா! ஒருத்தி கேட்ட கேள்வி, ஒருத்தன் சொன்ன பதில், எதுவும் இல்லை. அந்த வகுப்பில் நாற்பது பேர் வாயை மூடிக்கொண்டிருக்க, நீங்கள் ஒருவர் பேசிவிட்டு வருகிறீர்கள். மணி அடிக்கும்வரை பொறுத்துக்கொள்ள நம் பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே பழக்கம். அதைக் கேட்பது என்று நினைத்துவிட்டீர்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் ஓர் அரசுப் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உத்திரமேரூர் போயிருந்தேன். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919இல் ஒன்று, 921இல் ஒன்று. அதைப் பற்றி இரண்டு கட்டுரை எழுதியவன், ஏழெட்டு மேடையில் பேசியவன் என்ற தைரியத்தில் ஆரம்பித்தேன். ஊருக்கு முப்பது குடும்பு, இன்றைய வார்டு மாதிரி. ஊர் வேலைகளைக் கவனிக்கும் குழுக்களான வாரியங்களுக்கு ஆள் எடுக்கத்தான் இத்தனையும். தகுதி உள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். சிறியவர் பெரியவர் எல்லாரும் கூடிய சபையின் நடுவில், உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத ஒரு சிறுவனைவிட்டு ஓலையை எடுக்கச் சொல்வார்கள். அவன் கொடுக்கும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கி வாசிப்பான். இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், மந்திரம் மாதிரி வாயில் வரும். அப்படியே ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று போய்க்கொண்டிருந்தேன்.

“ஐயா, எதுக்கு விரலை விரிக்கணும்?”

கடைசியில் நின்ற ஒரு பெண். எனக்குப் பதில் தெரியவில்லை. மரியாதைக்காக இருக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் நோட்டின் ஓரத்தைக் கிழித்து, பீடி அளவுக்குச் சுருட்டி, மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே செருகிக்கொண்டாள். இன்னொரு துண்டைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துத் தன் கையில் போடச் சொன்னாள். விரலை மூடித் திறந்தாள். உள்ளங்கையில் இருந்தது முதலில் செருகிய சீட்டு. வீட்டில் ஏலச்சீட்டுக் குலுக்கும்போது பார்த்திருக்கிறாளாம். “விரிச்சு வச்சா மாத்த முடியாதுல்ல?”

அந்த மண்டபத்தில் அப்படியே நின்றுவிட்டேன். அதுவரை அந்தக் கல்வெட்டை நம் முன்னோரின் பெருமையாக மட்டுமே படித்திருந்தேன். அன்று திரும்ப வாசித்தபோது வரிக்கு வரி எச்சரிக்கை தெரிந்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக்கூடாது, அவன் உறவுக்காரன் பெயரையும் போடக்கூடாது. மத்தியஸ்தன் வாசித்த ஓலையை அங்கிருக்கும் நம்பிமார், அதாவது கோயில் பூசாரிகள், எல்லாரும் வாங்கி வாசிக்கவேண்டும். சபைச் சொத்தில் கைவைத்தவர்களைக் கண்கூடாகப் பார்த்து நொந்தவர்கள் உட்கார்ந்து யோசித்து எழுதிய விதிகள் இவை என்று எனக்குப் பட்டது. ஊருக்கு வந்ததும் பழைய கட்டுரையைத் தூக்கிவைத்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அவள் கேட்டிராவிட்டால் சாகும்வரை அந்தப் பழைய கட்டுரையையே மேடைமேடையாகச் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

இன்னொரு பையனையும் சொல்லவேண்டும். முதல் கல்வெட்டில் வாரியத்துக்கு வருகிறவர் வயது 30க்கு மேல் 60க்குள். இரண்டே வருஷத்தில் அது 35க்கு மேல் 70க்குள் என்று மாறிவிட்டது. “அறுபது ஆன யாரோ பதவியை விடமாட்டேன்னு சொல்லியிருப்பாங்க ஐயா” என்றான். ஆதாரம் கேட்டால் அவனிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் சபையில் என்ன நடந்திருக்கும் என்று இப்போதும் சில ராத்திரிகளில் யோசித்துக்கொண்டு படுத்திருக்கிறேன். இந்த வயதில் எனக்கு வேறு யார் இப்படி ஒரு கேள்வியைத் தரப்போகிறார்கள்?

நீங்கள் எழுதிய அந்தப் ‘பத்து வயது குறைந்த’ சந்தோஷத்தை ஒரு மாலையும் சால்வையும்கூடத் தந்துவிடும் கே. எஸ். நான் சொல்வது வேறு. தெரியும் என்று நாம் மூடிவைத்த ஒன்றை ஒரு பிள்ளை வந்து திறந்துவிடுவது. நேர்மையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினால் அது நடக்காது. நேர்மை என்பதில் பிள்ளை என்ன கேள்வி கேட்கும்? தொட்டுப் பார்க்க ஒரு பொருள் வேண்டும், புரட்டிப் பார்க்க ஒரு கணக்கு வேண்டும். அதை நடுவில் வைத்துவிட்டு நீங்கள் கொஞ்சம் வாயை மூடவேண்டும். கடைசியில் சொன்னதுதான் கஷ்டம், எனக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

உங்களிடம் இல்லாத பொருளா? அடுத்த வெள்ளிக்கிழமை அறிவுரை எதுவும் வேண்டாம். ஆளுக்கொரு பழைய தபால் உறையை மட்டும் கொடுங்கள். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல் வந்தது, முதல் எண் மண்டலம், முதல் மூன்றும் சேர்ந்தால் பிரிப்பு மாவட்டம், கடைசி மூன்று அஞ்சலகம் என்று ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடித்துவிடுங்கள். பிறகு 606001 என்று உங்கள் ஊரை எழுதுங்கள். பக்கத்தில் விழுப்புரம் 605602, புதுச்சேரி 605001. அதன்கீழே காரைக்கால் 609602, மாஹே 673310, ஏனாம் 533464. கடைசி மூன்றும் புதுச்சேரி அரசைச் சேர்ந்த ஊர்கள்தான் என்று மட்டும் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுங்கள்.

யாராவது ஒரு பிள்ளை எழுந்திருக்கும். அது என்ன கேட்டது என்று எனக்கு எழுதுங்கள்.