வணிகவியல் எடுத்தால் வேலை உறுதியா?

வணக்கம் அம்மா. வணிகவியல் படித்தால் மகனுக்கு அலுவலக வேலையும் நடுத்தரச் சம்பளமும் உறுதிதானே என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் காலத்துக்கு அது சரியான கணக்குதான். ஜனங்கள் விவசாயத்தை விட்டு ஆலைக்கும் அலுவலகத்துக்கும் நகரும்போது வருமான ஏற்றத்தாழ்வு முதலில் கூடும், பிறகு குறையும் என்று 1955-இல் சைமன் குஸ்நெட்ஸ் என்ற பொருளியலாளர் ஊகித்தார். ஆனால் 1980-களுக்குப் பிறகு, தொழில்வளம் பெருகிய பல நாடுகளிலேயே அந்த ஏற்றத்தாழ்வு திரும்பவும் ஏறியது.

இறக்குமதிப் போட்டி, தொழிற்சங்கங்கள் வலுவிழந்தது என்று காரணங்கள் பல. தம்பியின் படிப்புக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது கணினி. டேவிட் ஆட்டர், ஃபிராங்க் லெவி, ரிச்சர்ட் மர்னேன் என்ற பொருளியலாளர்கள் மூவரும் 2003-இல் ஒரு வேலையைப் பதவிப் பெயரால் பார்க்காமல், அதற்குள் என்னென்ன செய்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். ‘இப்படி வந்தால் இப்படிச் செய்’ என்று விதியாக எழுத முடிந்ததைக் கணினி எடுத்துக்கொள்கிறது. பில் பதிவது, வரவு செலவைச் சரிபார்ப்பது எல்லாம் அதில் சேரும். நடுத்தரச் சம்பளம் தந்தவை பெரும்பாலும் இவைதான். முதியவரைப் பராமரிப்பது, துப்புரவு போன்றவை இயந்திரத்துக்கு எளிதில் வசப்படவில்லை. ஆனால் அந்த வேலைக்கு ஆட்கள் நிறையக் கிடைப்பதால் கூலி பெரிதாக ஏறுவதில்லை. முடிவெடுக்கிறவருக்கோ அதே கணினி கைக்கு பலம். மேலே சம்பளம் ஏறுகிறது, கீழே தேங்குகிறது, நடுத்தரச் சம்பள வேலைகள் மெலிகின்றன.

அதனால் வணிகவியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதிவு செய்வதோடு நிற்கிற படிப்பு வேண்டாம். கணக்கு ஏன் இடிக்கிறது என்று தேடுவது, வரிச் சிக்கலை வாடிக்கையாளருக்குப் புரியவைப்பது, தணிக்கை, தரவு அலசல் இவற்றுக்கு இடம் தரும் கல்லூரியா என்று பாருங்கள். அங்கே படித்து வெளியே வந்தவர்களிடம் சம்பளத்தை மட்டும் கேட்காமல், காலையிலிருந்து மாலை வரை என்ன வேலை செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஒரே பட்டம் பெற்றவர்களுக்குள்ளும் நிறுவனத்தைப் பொறுத்துச் சம்பளம் வெகுவாக மாறும். ஒப்பந்த ஆளாகச் சேர்ந்தால் இன்னும் மாறும்.

‘பாதுகாப்பான பத்து படிப்புகள்’ என்று யாராவது பட்டியல் நீட்டினால் நம்பாதீர்கள். செயற்கை நுண்ணறிவு வந்தபின் விதிக்குள் அடங்குவது எது என்ற எல்லையே நகர்ந்துகொண்டிருக்கிறது.

மதிப்பெண்ணோடு, தம்பிக்கு எதில் நேரம் போவதே தெரியாது என்பதையும் எழுதி அனுப்புங்கள். அதை அவரே எழுதினால் இன்னும் நல்லது.