சார்ஜரைப் பிடுங்கி வைப்பது, துணிப்பை, மக்கும் கப்: இவையெல்லாம் சுற்றுச்சூழலுக்கு உண்மையிலேயே உதவுமா, வெறும் ஃபேஷனா?

பழக்கத்தின் பெயரை விட்டுவிட்டு அளவைப் பாருங்கள். அப்போதுதான் எதற்காக மெனக்கெடலாம் என்பது பிடிபடும்.

போன் மாட்டாமல் சும்மா செருகியிருக்கும் புதிய சார்ஜர் 0.1 வாட் அளவுதான் இழுக்கும். வருடத்துக்கு 8,760 மணி நேரம். பெருக்கிப் பார்த்தால் ஒரு யூனிட்கூடத் தேறாது. 20 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக்க 1,680 கிலோஜூல், அதாவது 0.47 யூனிட் வேண்டும். வருடமெல்லாம் பிடுங்கி வைத்து மிச்சம் பிடித்தது இரண்டு வாளி வெந்நீருக்கே சரியாகப் போய்விடும்.

ஆனால் சும்மா இருந்தே மின்சாரம் தின்னும் சாமான்கள் உண்டு. செட்டாப் பாக்ஸ், பழைய ஆம்ப்ளிஃபயர் போன்றவை. எந்நேரமும் 10 வாட் இழுத்தால் வருடத்துக்கு 88 யூனிட். கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேண்டாம். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிறு விளக்கு மினுக்கும்; ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 3,200 என்றிருந்தால், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு சந்தேகப்படும் சாமானை மட்டும் விட்டு, இரண்டு மினுக்கலுக்கு இடையே எத்தனை நொடி என்று எண்ணுங்கள். 1,125ஐ அந்த நொடிகளால் வகுத்தால் வாட். 45 நொடி என்றால் 25 வாட். பலர் கோட்டைவிடுவது ஃபிரிட்ஜில்: அதை அணைக்க மறந்தால் நடுவில் கம்ப்ரஸர் ஓடிக் கணக்கைக் குழப்பும். இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். சில வாட்டுக்குக் குறைந்த சுமையைப் பல மீட்டர்கள் பதிவே செய்யாது. சார்ஜரை இப்படி அளக்க முடியாது.

துணிப்பை விஷயம் கொஞ்சம் சிக்கல். டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வுப்படி, பிளாஸ்டிக் பையோடு பருவநிலை பாதிப்பில் சமமாக, பருத்திப் பையைக் குறைந்தது 52 முறை பயன்படுத்த வேண்டும். ஆய்வு எடுத்துக்கொண்ட எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்தால் 7,100 முறை. அந்தப் பெரிய எண்ணைக் காட்டித் துணிப்பையே மோசடி என்பதும் தவறு: சாக்கடையிலும் கடலிலும் போய்ச் சேரும் குப்பை அந்த ஆய்வில் சேரவில்லை. வாரம் ஒருமுறை எடுத்துப் போனால் ஒரு வருடத்தில் 52 வந்துவிடும். கெடுப்பது, விழாவுக்கு விழா கிடைக்கும் புதுப் பைகள். அலமாரியில் பத்து தூங்கினால் பத்துக்கும் தனித்தனிக் கணக்கு. கையிலிருப்பதையே கிழியும்வரை தூக்குங்கள், கிழிந்தால் தையுங்கள்.

இருப்பதிலேயே அதிகம் ஏமாற்றுவது 'மக்கும்' என்று அச்சிட்ட பிஎல்ஏ கப். பிஎல்ஏ என்பது சோளம் போன்ற பயிர்களிலிருந்து செய்யும் பிளாஸ்டிக். அது மக்குவதற்கு 58 டிகிரி அளவுச் சூடு வாரக்கணக்கில் நிலைக்க வேண்டும். அது தொழிற்சாலை அளவு உரக்கிடங்கில்தான் நடக்கும். வீட்டு உரத்தொட்டி சிறியது, சூடு தங்காது. மாதங்கள் கழித்துக் கிளறினாலும் கப் கப்பாகவே வரும். மறுசுழற்சிக்குப் போகும் சாதாரண பெட் (தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்) பாட்டில்களோடு போட்டால் இன்னும் மோசம்: பெட் உருகும் 250 டிகிரிக்குப் பக்கத்தில் பிஎல்ஏ சிதைந்து, உருகிய பெட்டையே கெடுக்கும். வாங்குவதற்கு முன், வீட்டு உரத்தொட்டிக்கென்றே சான்று பெற்றதா, தொழிற்சாலை உரத்துக்கு மட்டுமா என்று முத்திரையைப் பாருங்கள். இரண்டாவது வகை என்றால், அதை வாங்கிக்கொள்ளும் கிடங்கு பக்கத்தில் இருந்தால் மட்டும் எடுங்கள். இல்லையென்றால் கழுவி வைக்கும் டம்ளரே போதும்.