பராக்குப் பார்க்கும் பிள்ளை

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஆந்திராவில், குப்பம் என்கிற ஊரில் இருக்கிறோம். மகன் யூகேஜி படிக்கிறான். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் இங்கிலீஷ். தினமும் மூன்று பக்கம் ஹோம்வொர்க். எழுதிக்கொண்டே தூங்கிவிடுகிறான். ‘வகுப்பில் பராக்குப் பார்க்கிறான்’ என்று டைரியில் எழுதி அனுப்பினார்கள். கேட்டால், புளியமரத்தில் அணில் இருந்ததாம். ‘இப்பவே கண்டிக்கலேன்னா பின்னாடி கஷ்டம்’ என்கிறாள் மனைவி. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

— ஒரு வாசகர், குப்பம்

அன்புள்ள நண்பருக்கு,

கண்டிக்காதீர்கள். டைரியைப் படித்ததும் ‘என்னடா பார்த்தாய்?’ என்று அவனிடம் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியைப் பள்ளியில் யாரும் கேட்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. விடியற்காலையில் குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு அந்த அலைச்சல் வேண்டாமென்றுதான் கடன்பட்டாவது ஃபீஸ் கட்டுகிறோம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். தெலுங்கை அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கோலி ஆடும் பிள்ளைகள். கோட்டு நோட்டு இல்லை, சிவப்பு மை இல்லை. பாட்டியிடம் தமிழ், பக்கத்து வீட்டில் தெலுங்கு என்று ஆள் பார்த்து மாற்றிப் பேசுகிறான் அல்லவா? எவ்வளவு பெரிய படிப்பு அது! தப்பாகப் பேசினால் சிரித்துவிட்டு மறுபடி ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அதனால் அவனுக்கு வாயடைக்கவில்லை. அதே பிள்ளை இங்கிலீஷுக்கு முன்னால் தூங்கி விழுகிறான் என்றால் குறை அவனிடம் இல்லை. ஐந்து வயது விரல்களுக்கு மூன்று பக்கம் என்பதே கொடுமை.

இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, வீட்டையும் சுற்றுப்புறத்தையும் கவனித்துப் பார்க்கச் சொல்வதைத் தவிர வேறு வீட்டுப்பாடம் கூடாது என்று, பிள்ளைகளின் படிப்புச் சுமையைக் குறைக்க மத்திய அரசு அமைத்த யஷ்பால் குழு 1993லேயே சொல்லிவிட்டது. புத்தகப் பையின் எடையைவிட, புரியாமல் படிப்பதே பெரிய சுமை என்றும் சொன்னது.

மாற்று வழியும் உங்கள் பக்கத்திலேயே இருந்தது. பலமனேர், புங்கனூர் தாண்டினால் மதனப்பள்ளி. அங்கே ரிஷி வேலி என்ற பள்ளிக்காரர்கள் நடத்திய கிராமப் பள்ளிகளில், பல வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் உட்கார்ந்து, அவரவர் வேகத்தில் பாட அட்டைகளை எடுத்துப் படித்தார்கள். முந்துவதும் பிந்துவதும் அங்கே பேச்சே இல்லை. அதைப் பார்த்துத்தான் 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. சில ஆண்டுகளில் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, தரையில் கூடவே உட்காரும் டீச்சர். ஆனால் ‘வெறும் விளையாட்டுதான் நடக்குது’ என்று சொல்லிப் பிள்ளையை வேனில் ஏற்றி வேறு பள்ளிக்கு அனுப்பிய பெற்றோர் எங்கள் பக்கம் நிறைய உண்டு. நோட்டு நிறைந்திருந்தால்தான் ஃபீஸுக்குக் கணக்கு என்று நாம் நினைக்கிறோம். பள்ளியும் நிறைத்து அனுப்புகிறது.

நீங்களும் மனைவியும் சேர்ந்து போய் டீச்சரைப் பாருங்கள். சண்டை வேண்டாம், அவருக்கும் மேலிருந்து நெருக்கடி இருக்கும். முடிந்ததை எழுதுவான், மீதிக்கு நாங்கள் பொறுப்பு என்று சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் ஜூனில் வேறு பள்ளி பாருங்கள், அரசுப் பள்ளியையும் சேர்த்து. ரிசல்ட் போர்டைப் படித்து முடிவு செய்யாதீர்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கூப்பிடாமலே டீச்சரிடம் ஓடிப்போய்ப் பேசுகிறார்களா என்று பாருங்கள்.