சைவக் குடும்பத்தில் மூளைப் புழுவா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 22. சென்ற மாதம் திடீரென வலிப்பு வந்தது. ஸ்கேன் பார்த்த மருத்துவர், மூளையில் நாடாப்புழுக் கட்டி என்கிறார். நாங்கள் பரம்பரையாகச் சைவம். இது எப்படி வரும்? கடையில் பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: சைவ உணவு உண்பவர்களுக்கும் இது வரும். சரியாக வேகாத பன்றி இறைச்சியால் வருவது குடலில் வாழும் நாடாப்புழு. மூளையில் தங்குவதோ, அப்புழுவைச் சுமப்பவரின் மலத்தில் வெளியேறும் முட்டையிலிருந்து வரும் இளம்புழு. அவர் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சமைத்தாலோ, கழிவுநீர் பாய்ந்த காய்கறியை நாம் நன்றாகக் கழுவாமல் பச்சையாக உண்டாலோ, முட்டை நம் குடலுக்குள் போய்ப் பொரிந்து, இளம்புழு இரத்தத்தோடு மூளையை அடைகிறது. 1990களின் தொடக்கத்தில், நியூயார்க்கில் பன்றி இறைச்சியையே தொடாத யூதக் குடும்பங்களில் இந்நோய் காணப்பட்டபோது, வீட்டுவேலை செய்த ஒருவரின் குடலில் நாடாப்புழு இருந்தது தெரியவந்தது. ஆகவே சமைப்பவர் உட்பட உங்கள் வீட்டில் அனைவரும் மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். யாரையும் குற்றம் சொல்வதற்காக அல்ல, புழு இருந்தால் அவருக்கும் எளிதில் குணமாகும் என்பதற்காக.

ஸ்கேன் படத்தில் சிறு வெள்ளை வளையமும் அதனுள்ளே ஒரு புள்ளியும் தெரிந்தால், அந்தப் புள்ளிதான் புழுவின் தலை. காசநோய்க் கட்டியும் வளையமாகவே தெரியக்கூடும் என்பதால், வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் வகுத்த அளவுகோலின்படி, கட்டி ஒன்றேயாகவும் 20 மில்லிமீட்டருக்கு மிகாமலும் இருக்கிறதா என்று பார்க்கிறோம். அப்படி இருந்தால் அது புழுக் கட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பூச்சி மாத்திரையை மட்டும் தயவுசெய்து நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். பள்ளிகளில் ஒரு வேளை தரப்படும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் குடற்புழுவுக்கானது. மூளையில் உயிரோடிருக்கும் ஓரிரு புழுக்களுக்கு அதே மருந்தை, உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம், தினமும் 10 முதல் 14 நாட்கள் வரை, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்துடன் சேர்த்தே தருகிறோம். புழு சாகும்போது அதைச் சுற்றி மூளை வீங்கி வலிப்பு அதிகமாகும் என்பதே காரணம். கண்ணுக்குள் புழு இருந்தால் பார்வையே பறிபோகலாம் என்பதால், கண் பரிசோதனையை முதலில் முடிக்க வேண்டும். மூளை முழுவதும் வீங்கியிருந்தால் இம்மருந்தே கூடாது. சுண்ணாம்பாக இறுகிவிட்ட புழுவுக்கோ அது தேவையில்லை.

வலிப்பு மாத்திரையை, இரண்டு மாதம் வலிப்பு வரவில்லை என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மறு ஸ்கேனில் கட்டி கரைந்ததா, தழும்பு மிஞ்சியதா என்பதைப் பொறுத்தே உங்கள் மருத்துவர் அதை முடிவு செய்வார். அதுவரை தம்பி வண்டி ஓட்ட வேண்டாம். அரிதாக இப்புழு தண்டுவடத்திலும் தங்கும். கால் மரத்துத் துவண்டாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.