பழைய பைக்கைப் பிரிப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஓடாத பைக் ஒன்று கிடக்கிறது. கழற்றிப் பாகமாக விற்கலாமா?

பதில்: விற்கலாம். ஆனால் ஸ்பேனரை எடுக்கும் முன் திரவங்களை வடித்துவிடுங்கள். எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட், பெட்ரோல் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கேன். தனியாக இருந்தால்தான் எஞ்சின் ஆயிலைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்த முடியும். பெட்ரோல் கலந்தால் வாங்க ஆள் இருக்காது. அப்புறம் பேட்டரி. அமிலத்தைக் கொட்டாமல், நிமிர்த்தி வைத்து அப்படியே கொடுங்கள்.

எஞ்சின் கேஸ், கார்புரேட்டர், சுவிட்ச், லைட் எல்லாம் இன்னொரு வண்டிக்கு உதவும். தேய்ந்த பிரேக் ஷூ, டயர், செயின், பிரேக் ஹோஸ் ஆகியவற்றை யாருக்கும் விற்காதீர்கள். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் (தூசியாக நுரையீரலுக்குள் போனால் கெடுதல் செய்யும் கனிம நார்) இருக்கலாம். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்து ஊத வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

காலி டேங்க் பக்கம் கட்டிங் மெஷினைக் கொண்டுபோகவே கூடாது. பெட்ரோல் வடிந்தாலும் ஆவி உள்ளேயே நிற்கும். வெடிப்பது அதுதான்.

கேள்வி: டேங்கை வெட்டிப் பூந்தொட்டி ஆக்கலாமா? காலியாகத்தான் இருக்கிறது.

பதில்: மேலே சொன்னதை மறுபடி படியுங்கள். கூடாது.

கேள்வி: சைலன்சரில் பிளாட்டினம் இருக்கிறதாமே?

பதில்: கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் பாகம்) உள்ள வண்டியில் இருக்கும், அதுவும் மெல்லிய பூச்சாக. உடைத்தால் தூசிதான் நுரையீரலுக்குப் போகும். முழுசாகக் கொடுங்கள்.

கேள்வி: கழிவுச் சட்டமெல்லாம் காருக்குத்தானே? பைக்குக்கும் வந்தால் நல்ல வண்டியையும் நசுக்கிவிடுவார்கள். ரிப்பேர் செய்து ஓட்டுவதுதான் உண்மையான மறுசுழற்சி.

பதில்: பாதி ஒத்துக்கொள்கிறேன். தாதுவிலிருந்து அலுமினியம் எடுக்க ஆகும் ஆற்றலில் சுமார் 5 சதவீதம் போதும், பழையதை உருக்க. அலுமினிய எஞ்சின் கேஸை உருக்காமல் இன்னொரு வண்டியில் அப்படியே மாட்டினால் அந்தச் செலவும் மிச்சம்.

ஆனால் சட்டம் இல்லாததால் நடப்பதையும் பாருங்கள். பழைய வண்டிக் கழிவு பற்றி 2000-ல் வந்த ஐரோப்பிய ஒன்றிய உத்தரவு கார்களையும் சிறு வேன்களையும் சேர்த்தது, பைக்கை விட்டுவிட்டது. ஜப்பானில் தயாரிப்பாளர்களே 2004-ல் தாமாக முன்வந்து பைக்குகளைத் திரும்பப் பெறத் தொடங்கினார்கள். விதி இல்லாத இடத்தில் ஆயில் மண்ணுக்குத்தான் போகிறது. 2023-ல் ஐரோப்பிய ஆணையம் வைத்த முன்மொழிவில் பைக்கும் உள்ளே வந்தது. சரியான முடிவு.

கேள்வி: அப்படியானால் என் டூ-ஸ்ட்ரோக்கையும் ஒழிக்கச் சொல்கிறீர்களா?

பதில்: இல்லை. ஆனால் அதில் புது எரிபொருள் உள்ளே வரும்போதே எக்ஸாஸ்ட் துளையும் திறந்திருக்கும். ஒரு பங்கு எரியாமலே வெளியேறும். பாதுகாத்து வைத்து எப்போதாவது ஓட்டுங்கள். தினசரி ஓட்டத்துக்கு வேண்டாம்.

கேள்வி: ஓடாத பைக்குகளை வெளிநாட்டுக்கு அனுப்பினால்?

பதில்: ஆயிலும் பேட்டரியும் உள்ளே இருந்தால், அபாயக் கழிவை நாடு விட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் 1989 பாசெல் உடன்படிக்கைப்படி அது அபாயக் கழிவாகவே கருதப்படலாம். ‘பழைய வண்டி’ என்று எழுதி அனுப்புவதால் அது மாறாது. உங்கள் நாட்டுச் சுற்றுச்சூழல் துறையிடம் கேளுங்கள்.

கேள்வி: டேங்கில் தண்ணீர் ஊற்றிவிட்டு வெட்டினால்?

பதில்: டேங்க் பற்றி இனிப் பதில் இல்லை. ஆவி நீக்கும் வசதியுள்ள பட்டறைக்கு எடுத்துப் போங்கள்.

கேள்வி: சேஸிஸை என்ன செய்வது?

பதில்: முதலில் பதிவை ரத்து செய்யுங்கள். சேஸிஸில் பொறித்த எண் வேறு வண்டியில் ஏறினால் போலீஸ் உங்களைத்தான் தேடி வரும்.