ஓய்வுபெற்ற அப்பாவுக்கு மனதுக்குப் பிடித்த வேலையை எப்படிக் கண்டுபிடிப்பது?

அப்பா ஓய்வுபெற்று ஆறு மாதம் ஆகிறது, டிவி முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார், அவரை எதில் ஈடுபடுத்தலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படி உட்கார்ந்திருந்தவன்தான்.

முப்பத்துநான்கு வருஷம் ஓர் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. சம்பளப் பட்டியல், பிடித்தம், ஈட்டிய விடுப்பு, இவ்வளவுதான் என் உலகம். ஓய்வுபெற்ற கையோடு வீட்டு மளிகை நோட்டைத் தணிக்கை செய்ய ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் மனைவி நோட்டைப் பிடுங்கி அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள். (அவளுக்கு எந்தத் தேதியில் ஓய்வு என்று யாரும் ஆணை போடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.) அப்புறம் யோகா, மாடித்தோட்டம், கீபோர்டு. அடுத்தவர் சொன்னார்கள் என்று ஆரம்பித்தது எதுவும் பதினைந்து நாள் தாண்டவில்லை.

எனக்குச் சொந்த ஊரே தஞ்சாவூர். ஒரு பிரதோஷத்தன்று பெரிய கோயில் விமானத்தின் வடபுறம் ஒரு கல்லூரிப் பையன் குந்தி உட்கார்ந்து, சுவரில் வெட்டிய கல்வெட்டில் விரலை ஓட்டி வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தான். "நாம் குடுத்தனவும்... கல்லிலே வெட்டுக." ராஜராஜன் பேசுவது போலவே இருந்தது. அறுபது வருஷமாக அந்தச் சுவரைக் கடந்து போகிறேன், பூவேலைப்பாடு மாதிரிதான் பார்த்திருக்கிறேன். "தம்பி, எனக்கும் சொல்லித் தருவியா?" என்றேன். "அய்யா, அது தமிழ்தான், நீங்களே படிச்சிடலாம்" என்றான்.

படிக்க முடியவில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எகரம், ஏகாரம் வித்தியாசம் கிடையாது. துணைக்காலும் ('கா'வில் வரும் 'ா') 'ர'வும் ஒன்றுபோலவே இருக்கும். நடுநடுவே கிரந்த எழுத்து (வடமொழிச் சொற்களை எழுதும் எழுத்து) வேறு. முதல் வாரம் நான் தேற்றியது நாலு வார்த்தை. இருட்டு மூலையில் செல்போன் டார்ச்சை நேராக அடித்தால் கல்தான் பளிச்சென்று தெரியும். சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். இதையும் அந்தப் பையன்தான் காட்டினான்.

என்னைக் கட்டிப்போட்டது எழுத்து இல்லை, உள்ளே இருந்த கணக்கு. கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடு தானம். ஆடு இல்லையென்றால் 48 பசு, அல்லது 16 எருமை. அதை வாங்கிக்கொண்ட இடையர் தினம் ஓர் உழக்கு (பழைய முகத்தல் அளவு) நெய் அளக்க வேண்டும். மற்ற ஊர்க் கல்வெட்டுகளில் 'சாவா மூவாப் பேராடு' என்று வரும். ஆடு சாகும், குட்டி அந்த இடத்துக்கு வரும், எண்ணிக்கை குறையாது. அசலில் கைவைக்காமல் வட்டியில் விளக்கு எரிகிறது, வேறென்ன!

அடுத்து, கோயிலில் குடியமர்த்திய 400 ஆடல் மகளிரின் பட்டியல். தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு, பெயர், எந்த ஊரிலிருந்து வந்தவர், ஒரு பங்குக்கு 100 கலம் நெல். சம்பளப் பட்டியலேதான். யாராவது இறந்துவிட்டாலோ ஊரைவிட்டுப் போய்விட்டாலோ, நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று வேலை செய்யலாம் என்று ஒரு விதியும் உண்டு. கருணை அடிப்படையில் பணி நியமனம்! எத்தனை கோப்பு போட்டிருப்பேன் அதற்கு! அன்றைக்கு ராத்திரி மனைவியை எழுப்பிச் சொன்னேன். திட்டு விழுந்தது.

'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியில் பெரிய கோயில் கல்வெட்டு வாசகங்கள் அச்சில் இருக்கின்றன, இணையத்திலும் கிடைக்கும். நாமே தட்டுத்தடுமாறிப் படித்துவிட்டு அப்புறம் அதைத் திறக்க வேண்டும். முதலிலேயே திறந்தால் பரீட்சையில் பிட் அடித்த மாதிரி.

உங்கள் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று நீங்கள் எழுதவே இல்லை. அதை எழுதுங்கள். சும்மா இருக்கும்போது அவர் கண்ணும் கையும் எதைத் தேடிப் போகிறது என்று பாருங்கள். என் கண் வரவு செலவைத் தேடியது. பஸ் ஓட்டினவருக்கு, நூல் ஆலையில் நின்றவருக்கு அது வேறாக இருக்கும். நீங்களாக ஒரு வகுப்பில் பணம் கட்டிவிட்டு வராதீர்கள்; என் மகன் கட்டினான், கீபோர்டு இப்போது பரணில் கிடக்கிறது.

நேற்று ஓர் ஊர்ப்பெயரில் 'ர'வா காலா என்று தகராறு. அதற்குள் இருட்டிவிட்டது. நாளைக்குக் காலை வெயில் சாய்வாக விழும்போது போய்ப் பார்க்கணும்.